சமயம், நம்பிக்கை: பிரெஞ்சு வழி மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் (விவாத இழை)

மேசைவிளக்கு | 6 ஜனவரி, மாலை 7.12

தெர்மினால் (பிரெஞ்சுப் பள்ளியின் கடைசி ஆண்டு) வகுப்பு, ஆங்கிலம் முதல் அயல்மொழி. 'சமயமும் நம்பிக்கைகளும்' என்ற தலைப்புக்கு ஒரு நீளமான சொல்பட்டியல் கையோடு கையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் கட்சி: அது வீண் வேலை. 1066-க்குப் பிறகு நார்மன்காரர்கள் கொண்டுபோய் இறக்கிய சரக்குதானே இதெல்லாம்? ரெலிஜியன், மிராக்கிள், செயின்ட், கிளர்ஜி, பில்கிரிம். பிரெஞ்சு தெரிந்த பிள்ளைக்கு உச்சரிப்பை மட்டும் திருத்திவிட்டால் போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அகராதிப்பூச்சி | 6 ஜனவரி, இரவு 9.05

பாதிதான் சரி. தினம் புழங்கும் சொற்கள் நார்மன்காரர்கள் வருவதற்கு முன்பே ஆங்கிலத்தில் குடியிருந்தவை: காட், ஹெவன், ஹெல், ஹோலி, சின், சோல், கோஸ்ட், காஸ்பல், ஈஸ்டர், லென்ட், பிலீஃப், ஒர்ஷிப். இதில் ஒன்றைக்கூடப் பிரெஞ்சை வைத்து ஊகிக்க முடியாது. சர்ச், பிரீஸ்ட், மங்க், நன், பிஷப் எல்லாம் லத்தீன், கிரேக்க வழி வந்தவைதான். ஆனால் அவையும் நார்மன்களுக்கு மூத்தவை, உருவம் தேய்ந்துபோனவை.

அதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. தெரியாத சொல் வந்தால் பிள்ளை நின்று யோசிக்கும், சுற்றி வளைத்தாவது எழுதும். மதிப்பெண் போவது நீங்கள் 'உச்சரிப்பை மாற்றினால் போதும்' என்கிற அந்த இன்னொரு பாதியில். முதல் உதாரணம் கீழே.

அகராதிப்பூச்சி | 6 ஜனவரி, இரவு 9.31

பிரெஞ்சில் 'க்யூல்த்' என்றால் வழிபாடு. 'லிபெர்தே த க்யூல்த்' வழிபாட்டு உரிமை. ஆங்கிலத்தில் அது ஃப்ரீடம் ஆஃப் ஒர்ஷிப். மாணவர் கை தானாக எழுதுவது ஃப்ரீடம் ஆஃப் கல்ட். ஆங்கிலத்தில் கல்ட் என்றால் ஒரு தலைவனைச் சுற்றி ஆட்களை மயக்கி வைத்திருக்கும் ஆபத்தான கும்பல். ஆக, அந்த வாக்கியம் ஆங்கிலேயர் காதில் 'மோசடிச் சாமியார் கும்பலுக்கு முழுச் சுதந்திரம்' என்று விழும்.

அந்தக் கும்பலுக்குப் பிரெஞ்சில் பெயர் 'செக்த்'. மாணவர் அதை செக்ட் என்று எழுதுவார். ஆங்கிலத்தில் செக்ட் என்பது ஒரு சமயத்திலிருந்து பிரிந்த சிறு பிரிவு, அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி அதில் குறைவு.

எனவே இரண்டும் ஒருபடி தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. பிரெஞ்சு க்யூல்த் ஆங்கில ஒர்ஷிப். பிரெஞ்சு செக்த் ஆங்கில கல்ட். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் குழம்பும். ஒரே அட்டையில் ஜோடியாக எழுத வேண்டும்.

வால்நட்சத்திரம் | 7 ஜனவரி, காலை 8.15

'செக்தேர்' என்ற பெயரடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் அரசு 2002-இல் 'மிவிலூத்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதன் பெயரிலேயே 'தெரீவ் செக்தேர்' இருக்கிறது: சாமியார் கும்பல்கள் ஆட்களைச் சீரழிப்பது. இதை செக்டேரியன் என்று மொழிபெயர்த்தால் கதை வட அயர்லாந்துக்குப் போய்விடும். செக்டேரியன் வயலன்ஸ் என்றால் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடுவே நடந்த வன்முறை. கல்ட்-லைக் அப்யூசஸ் மாதிரி ஏதாவது எழுதச் சொல்லலாம்.

வட அயர்லாந்து என்றதும் இன்னொன்று. 1998 அமைதி ஒப்பந்தத்தின் பெயர் குட் ஃபிரைடே அக்ரிமென்ட். பிரெஞ்சில் 'வாந்த்ரதி சேன்', அதாவது புனித வெள்ளி. அதனால் ஹோலி ஃபிரைடே என்று எழுதுகிறார்கள். குட்தான், ஹோலி இல்லை. நாமே பெரிய வெள்ளி என்றும் சொல்கிறோம், புனித வெள்ளி என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்றுதான்.

அகராதிப்பூச்சி | 7 ஜனவரி, மதியம் 1.20

நேற்று நான் எழுதியதில் திருத்தம். 'க்யூல்த் என்றால் ஒருபோதும் கல்ட் இல்லை' என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஃபில்ம் க்யூல்த்' ஆங்கிலத்தில் கல்ட் ஃபிலிம்தான், அங்கே ஒர்ஷிப் ஃபிலிம் என்று எழுதினால் சிரிப்பார்கள். தனிமனிதத் துதிக்கும் கல்ட் ஆஃப் பர்சனாலிட்டி சரி. புனிதர் வணக்கத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதும்போது கல்ட் ஆஃப் செயின்ட்ஸ் என்பதும் உண்டு. பொது வழிபாட்டுக்கு மட்டும்தான் ஒர்ஷிப்.

'மினிஸ்த்ர் த்யூ க்யூல்த்' என்றால் அமைச்சர் இல்லை, குருமார். ஆங்கிலத்திலும் மினிஸ்டர் ஆஃப் ரெலிஜியன். தலைப்புச் செய்தியை அவசரமாகப் படித்துவிட்டு அரசாங்கத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

மேசைவிளக்கு | 7 ஜனவரி, மாலை 6.48

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். பாதிரியார்களுக்கு வருவோம். பங்குத்தந்தை 'க்யூரே', உதவிப் பங்குத்தந்தை 'விக்கேர்'. ஆங்கிலத்தில் கியூரேட், விக்கர். இதிலுமா சிக்கல்?

அகராதிப்பூச்சி | 7 ஜனவரி, இரவு 10.02

இதில்தான் சிக்கலே. கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவது மாதிரி இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

பிரெஞ்சு க்யூரே: ஒரு பங்குக்குப் பொறுப்பானவர். ஆங்கிலத்தில், கத்தோலிக்கராக இருந்தால் பேரிஷ் பிரீஸ்ட், ஆங்கிலிக்கனாக இருந்தால் விக்கர்.

பிரெஞ்சு விக்கேர்: அவருக்குக் கீழே உதவியாளர். ஆங்கிலத்தில் கியூரேட், அல்லது அசிஸ்டன்ட் பிரீஸ்ட்.

அதாவது க்யூரேயைக் கியூரேட் என்று எழுதினால் பெரியவரைச் சின்னவராக்குகிறோம். விக்கேரை விக்கர் என்று எழுதினால் சின்னவருக்குப் பதவி உயர்வு. மறைமாவட்டத்தில் ஆயருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் 'விக்கேர் ஜெனெரால்' மட்டும் விதிவிலக்கு. ஆங்கிலத்திலும் விக்கர் ஜெனரல்.

'பஸ்தேர்' என்பது புராட்டஸ்டன்ட் போதகர். மினிஸ்டர் அல்லது பாஸ்டர். ஆட்டிடையனுக்கும் ஆங்கிலத்தில் பாஸ்டர் என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை, அது ஷெப்பர்ட்.

காரைக்கால் காற்று | 8 ஜனவரி, காலை 6.30

'தாம்ப்ள்' யாரும் சொல்லவில்லையே! பிரான்சில் புராட்டஸ்டன்டுகளின் ஆலயத்துக்குப் பெயர் தாம்ப்ள். ஆங்கிலத்தில் அது சர்ச். டெம்பிள் என்றால் இந்து, பௌத்த, பண்டைய கிரேக்க, ரோமானியக் கோயில்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது இரட்டைக் குழி. தமிழ்க் கத்தோலிக்க வீட்டில் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள். புதுச்சேரியில் சம்பா கோயில் என்பது ஒரு கத்தீட்ரல், 'சேன் போல்' தமிழ் வாயில் தேய்ந்து சம்பாவானது. அதனால் தமிழிலிருந்து நினைத்தாலும் டெம்பிள், பிரெஞ்சிலிருந்து நினைத்தாலும் டெம்பிள்.

அகராதிப்பூச்சி | 8 ஜனவரி, மதியம் 12.44

இது என் பட்டியலில் விட்டுப்போனது. கூடவே 'மெஸ்', அதாவது திருப்பலி. ஆங்கிலத்தில் மாஸ். ஐ கோ டு மெஸ் என்று எழுதினால் படை வீரர்களோடு சாப்பிடப் போவதாகப் பொருள்.

'ஓஸ்தி' என்றால் நற்கருணை அப்பம், ஆங்கிலத்தில் ஹோஸ்ட். விருந்தளிப்பவருக்கும் ஆங்கிலத்தில் ஹோஸ்ட். அதனால் கம்யூனியன் வேஃபர் என்று எழுதுவது பாதுகாப்பு. 'ஒஃபீஸ்' என்றால் வழிபாடு, ஆங்கிலத்தில் சர்வீஸ். 'அசிஸ்தே ஆ லொஃபீஸ்' என்பதை அசிஸ்ட் தி ஆஃபீஸ் என்று எழுதினால் எழுத்தர் வேலைக்குப் போனது போல் இருக்கும். சரியான வடிவம் அட்டெண்ட் அ சர்வீஸ்.

அகராதிப்பூச்சி | 8 ஜனவரி, இரவு 11.10

இலக்கணப் பிழைகளைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் செலவாவது இங்கேதான்.

ஆர்ட்டிகிள். பிரெஞ்சில் 'லா ரெலிஜியோன்', 'ல கிரிஸ்தியானிஸ்ம்', 'லிஸ்லாம்' என்று எல்லாவற்றுக்கும் ஆர்ட்டிகிள் ஒட்டும். ஆங்கிலத்தில் பொதுவாகப் பேசும்போது ரெலிஜியன், கிறிஸ்டியானிட்டி, இஸ்லாம், ஈஸ்டர், லென்ட், ரமலான் எதற்கும் தி வராது. பைபிளுக்கும் குர்ஆனுக்கும் வரும். கோ டு சர்ச் என்றால் வழிபடப் போவது. கோ டு தி சர்ச் என்றால் அந்தக் கட்டடத்துக்குப் போவது, கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போகும் கொத்தனாரும் அதில் அடக்கம்.

முன்னிடைச் சொல். 'பிரியே தியே' என்பதில் ஒன்றும் கிடையாது, ஆங்கிலத்தில் பிரே டு காட். 'பர்தொனே ஆ' என்பதில் ஆ உண்டு, ஆங்கிலத்தில் ஃபர்கிவ் சம்படி, டு கிடையாது. ஒன்றில் சேர்க்க வேண்டும், மற்றதில் கழற்ற வேண்டும். 'ஸ கோன்வெர்தீர் ஆ' என்பதில் இருக்கும் 'ஸ' தேவையில்லை: கன்வெர்ட் டு. கன்வெர்ட் ஹிம்செல்ஃப் என்று எழுதுகிறவர்கள் நிறைய.

பிரெஞ்சு 'ஃபேர்' (செய்) வினை. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 'ஃபேர் ல ரமதான்' என்றால் ஃபாஸ்ட் டியூரிங் ரமலான், அல்லது அப்சர்வ் ரமலான். மேக் வராது. 'ஃபேர் ஸா பிரியேர்' என்றால் சே ஒன்ஸ் பிரேயர்ஸ். மேக் வராது. 'ஃபேர் ஸா ப்ரெமியேர் கொம்யூனியோன்' என்றால் மேக் ஒன்ஸ் ஃபர்ஸ்ட் கம்யூனியன். இங்கே மேக் வரும்! 'ஃபேர் அன் பெலரினாஜ்' என்றால் மேக் அ பில்கிரிமேஜ் அல்லது கோ ஆன் அ பில்கிரிமேஜ், இரண்டும் சரி. விதி எதுவும் தேட வேண்டாம், நான்கு வாக்கியங்களையும் அப்படியே ஒப்பித்தால் போதும்.

பெயரும் வினையும். பிலீஃப் பெயர்ச்சொல், பன்மை பிலீஃப்ஸ், எஃப் மாறாது. லீஃப், லீவ்ஸ் படித்த பிள்ளை அதே பழக்கத்தில் பிலீவ்ஸ் என்று எழுதும், அது வினை. 'ஹிஸ் பிலீவ்ஸ்' மாதிரி ஒரு பிழை கட்டுரைத் தலைப்பிலேயே வந்தால் திருத்துபவர் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

வால்நட்சத்திரம் | 9 ஜனவரி, காலை 7.55

பெரிய எழுத்து, சின்ன எழுத்து. பிரெஞ்சில் 'கிரேத்தியேன்', 'முஸ்யுல்மான்', 'காத்தோலிக்' எல்லாம் சின்ன எழுத்தில் தொடங்கும், 'இஸ்லாம்' என்ற சமயப் பெயர்கூட. ஆங்கிலத்தில் சமயம், அதைப் பின்பற்றுபவர், பெயரடை மூன்றுக்குமே பெரிய எழுத்து. ஏதியஸ்ட், அக்னாஸ்டிக் ஆகியவற்றுக்குச் சின்ன எழுத்து, ஏனென்றால் அவை சமயத்தின் பெயர் இல்லை. பிள்ளைகள் இதில் மட்டும் தாராளமாகப் பெரிய எழுத்துப் போட்டு நாத்திகத்தைச் சமயமாக்கிவிடுகிறார்கள்.

மேசைவிளக்கு | 9 ஜனவரி, மாலை 5.30

நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நிஜமான கேள்வி: 'லாயிசிதே'யை, அதாவது அரசும் சமயமும் தனித்தனி என்ற பிரெஞ்சுக் கொள்கையை, என்ன செய்வது? செக்யுலரிசம் என்றே எழுதலாமா?

அகராதிப்பூச்சி | 9 ஜனவரி, இரவு 11.58

எழுதலாம், ஆனால் ஒருமுறை விளக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். செக்யுலரிசம் என்ற சொல்லை 1851-இல் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற ஆங்கிலேயர் உருவாக்கினார். அது ஒரு சிந்தனைப் போக்கின் பெயர். லாயிசிதே சட்டம் போட்ட ஏற்பாடு.

அரசையும் திருச்சபைகளையும் பிரித்த 9 டிசம்பர் 1905 சட்டத்தின் முதல் இரண்டு பிரிவுகள் போதும். முதல் பிரிவு: மனசாட்சிச் சுதந்திரத்தைக் குடியரசு உறுதிசெய்கிறது, வழிபாட்டைத் தடையின்றி நடத்த உத்தரவாதம் தருகிறது. இரண்டாவது: எந்த வழிபாட்டையும் குடியரசு அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது. ஆங்கிலத்தில் மூன்று வினைகள்: ரெக்கக்னைஸ், பே, சப்ஸிடைஸ். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதத் தெரிந்த மாணவருக்கு அந்தப் பத்தி முடிந்த மாதிரி.

முதல் முறை சொல்லும்போது, தி பிரெஞ்ச் பிரின்சிபிள் ஆஃப் செக்யுலரிசம் என்று எழுதி, கமா போட்டு, நோன் அஸ் என்று சேர்த்து, பிரெஞ்சுச் சொல்லைச் சாய்வெழுத்தில். கையால் எழுதினால் அடிக்கோடு. அடுத்த முறையிலிருந்து வெறும் செக்யுலரிசம்.

மாணவர்கள் பளிச்சென்று தெரியும் சமயச் சின்னங்களை அணிவதைத் தடைசெய்யும் 2004 மார்ச் 15 சட்டம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும், பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. 'சீஞ் ஓஸ்தான்சீப்ள்' என்பதை கான்ஸ்பிக்யுவஸ் ரெலிஜியஸ் சிம்பல்ஸ் என்று எழுதுவது வழக்கம். சைன்ஸ் என்று எழுதினால் புரியும், ஆனால் சிம்பல்ஸ் இயல்பு. 'ஃபுலார்' என்றால் ஹெட்ஸ்கார்ஃப், 'வுவால்' என்றால் வெய்ல். இரண்டையும் ஒன்றாக்கினால் வாதமே மாறிவிடும்.

வால்நட்சத்திரம் | 10 ஜனவரி, காலை 9.12

ஒரு திருத்தம். 'பிரான்சில் அரசு எந்தக் குருவுக்கும் சம்பளம் தருவதில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். அல்சாஸ்-மொசெல் பகுதியில் 1905 சட்டம் செல்லாது. அது அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. இன்றும் அங்கே கத்தோலிக்கம், லூத்தரன், சீர்திருத்தத் திருச்சபை, யூதம் என்று நான்கு வழிபாடுகளின் குருமாருக்கு அரசு சம்பளம் தருகிறது. வித் தி எக்ஸெப்ஷன் ஆஃப் என்று ஒரு சொற்றொடர் சேர்த்தால் பிழையும் போகும், நல்ல ஆங்கிலமும் காட்டினது மாதிரி ஆகும்.

காரைக்கால் காற்று | 10 ஜனவரி, மதியம் 2.05

இந்திய ஆங்கிலம் படித்த பெற்றோர் வீட்டில் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது குழப்பம் ஒன்று உண்டு. நம் ஊர்ச் செய்தித்தாள் ஆங்கிலத்தில் கம்யூனல் என்றால் மதக்கலவரம் சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கம்யூனல் கிச்சன் என்றால் எல்லோரும் பகிரும் சமையலறை. பிரெஞ்சில் 'கொம்யூனால்' என்றால் நகராட்சியைச் சேர்ந்தது. 'கொம்யூனோதாரிஸ்ம்' வேறு: ஒரு சமூகம் தன்னைத் தனியாக ஒதுக்கிக்கொள்வதைக் குறைசொல்லும் சொல். அதைக் கம்யூனலிசம் என்றும் எழுத வேண்டாம், கம்யூனிடேரியனிசம் என்றும் எழுத வேண்டாம், அது அரசியல் தத்துவத்தில் வேறு பொருள் தரும். 'கம்யூனிட்டிஸ் லிவிங் அபார்ட்' என்று விரித்து எழுதலாம்.

கான்வென்ட்டும் அப்படித்தான். நம் ஊரில் ஆங்கிலப் பள்ளி, அங்கே கன்னியர் மடம்.

செக்யுலர்கூட. இந்திய அரசமைப்பின் முகவுரையில் 1976-இல் 42-ஆவது திருத்தம் அந்தச் சொல்லைச் சேர்த்தது. எல்லாச் சமயத்தையும் சமமாகப் பார்ப்பது என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். அரசு கைகழுவி விலகி நிற்பது என்ற பிரெஞ்சுப் பொருள் அதில் இல்லை.

அகராதிப்பூச்சி | 10 ஜனவரி, இரவு 8.40

பள்ளிகள் பற்றியும் சொல்லிவிடலாம். 'எகோல் லாயிக்' செக்யுலர் ஸ்கூல். 'எகோல் கோன்ஃபெஸியோனெல்' ஃபெய்த் ஸ்கூல். 'எகோல் லீப்ர்' தனியார் பள்ளி, பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளி. அதை ஃப்ரீ ஸ்கூல் என்று எழுதினால் இலவசப் பள்ளி என்றுகூட ஆகாது. இங்கிலாந்தில் ஃப்ரீ ஸ்கூல் என்றே ஒரு வகை அரசு நிதிப் பள்ளி இருக்கிறது! பிரைவேட் கேத்தலிக் ஸ்கூல் என்று எழுதுங்கள். 'எகோல் ப்யூப்ளிக்' பிரிட்டனில் ஸ்டேட் ஸ்கூல், அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல். பிரிட்டனில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணக்காரர் பிள்ளைகள் படிப்பது.

ஒரு வேடிக்கை: செக்யுலர் பிரீஸ்ட் என்று ஒருவர் உண்டு. மதச்சார்பற்ற பாதிரியார் இல்லை, துறவற சபை எதிலும் சேராமல் பங்கில் பணிசெய்பவர். பிரெஞ்சிலும் 'கிளெர்ஜே செக்யூலியே' என்றுதான். தேர்வில் வராது, ஆனால் அகராதியைப் புரட்டும் பிள்ளை மிரண்டுபோகும்.

மேசைவிளக்கு | 11 ஜனவரி, காலை 10.20

கட்டுரையில் உதாரணம் வேண்டும் என்கிறார்கள். ஆண்டோடு சொல்லக்கூடியவை நாலைந்து கொடுங்கள். மனப்பாடம் செய்ய எளிதாக.

அகராதிப்பூச்சி | 11 ஜனவரி, மதியம் 3.33

சொல்லும் தகவலும் ஒட்டி வருகிற மாதிரி:

இங்கிலாந்து. 1534, எட்டாம் ஹென்றி ரோமிடமிருந்து பிரிந்தது: பிரேக் வித் ரோம். மன்னர் சுப்ரீம் கவர்னர் ஆஃப் தி சர்ச் ஆஃப் இங்கிலாந்து. சுப்ரீம் ஹெட் இல்லை, அது ஹென்றி எடுத்துக்கொண்ட பட்டம், கவர்னர் என்று மாற்றியது முதலாம் எலிசபெத் காலத்தில். மேலவையில் 26 ஆயர்கள், பெயர் லார்ட்ஸ் ஸ்பிரிச்சுவல். எஸ்டாப்லிஷ்ட் சர்ச் என்றால் 'நிறுவப்பட்ட' சபை இல்லை, அரசு சபை. பிரெஞ்சு மாணவர் 'எதாப்லீ' என்று படித்துக் கடந்துபோகும் சொல் இது.

அமெரிக்கா. 1791, அரசமைப்பின் முதல் திருத்தம். அதிலுள்ள எஸ்டாப்லிஷ்மென்ட் கிளாஸ் என்ற சட்டக்கூற்றில் எஸ்டாப்லிஷ்மென்ட்டுக்கும் மேலே சொன்ன அதே பொருள்தான், அரசு சபை கூடாது. 1802, அதிபர் ஜெஃபர்சன் கடிதத்தில் வால் ஆஃப் செபரேஷன், அதாவது சபைக்கும் அரசுக்கும் நடுவே சுவர். இன்னொரு பக்கம், 1954-இல் கொடி உறுதிமொழியில் அண்டர் காட் சேர்ந்தது, 1956-இல் இன் காட் வி டிரஸ்ட் தேசிய வாசகம் ஆனது. இந்த இரண்டு பக்கத்தையும் வைத்து வெர்அஸ் போட்டு ஒரு பத்தி எழுதலாம்.

கணக்கெடுப்பு. 2021, இங்கிலாந்தும் வேல்ஸும்: கிறிஸ்தவர் 46.2 சதவீதம், சமயம் இல்லை என்றவர் 37.2 சதவீதம். பிரிட்டன் முழுவதும் என்று எழுதக் கூடாது, ஸ்காட்லாந்துக்குத் தனிக் கணக்கு.

வால்நட்சத்திரம் | 11 ஜனவரி, மாலை 4.01

வெர்அஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். வேர்அஸ். உச்சரிப்புப் பாடம் நடத்துகிறவர் ஆயிற்றே.

அகராதிப்பூச்சி | 11 ஜனவரி, மாலை 4.20

வேர்அஸ். கைப்பேசித் தட்டச்சு மேல் பழி.

உச்சரிப்பு என்று வந்துவிட்டதால் வாய்மொழித் தேர்வுக்கானவை. கிறைஸ்ட் 'ஐ', கிறிஸ்டியன் 'இ'. பைபிள் 'ஐ', பிப்ளிக்கல் 'இ'. அதே வேர், உயிரெழுத்து வேறு. மங்க் என்பதை எழுத்தைப் பார்த்து மோங்க் என்கிறார்கள். சாம் என்ற திருப்பாடலில் எழுதும் பியும் எல்லும் ஊமை, பிரெஞ்சில் பி ஒலிக்கும், அதனால் பழக்கத்தில் வந்துவிடும். ஏதியஸ்ட் முதல் அசையில் அழுத்தம், 'ஏ' நீளம். ஒர்ஷிப்பை வார்ஷிப் என்றால் போர்க்கப்பல்.

பிரெஞ்சு வாய்க்கு ஹெச் வராது: ஹோலி ஓலியாகும், ஹெல் எல்லாகும். 'த' ஒலிக்குப் பதில் 'ஸ': ஃபெய்த் ஃபேஸ் ஆகிவிடும். ஐ லாஸ்ட் மை ஃபெய்த் என்று சொல்லவேண்டிய பிள்ளை முகத்தைத் தொலைத்துவிட்டேன் என்கிறது. இதற்கு மருந்து நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவே வைப்பதுதான். தமிழ்ப் பிள்ளைகள் இங்கே கொஞ்சம் தப்பிப்பார்கள், 'த' போட்டாலும் 'ஸ'வைவிடப் பக்கம்.

காரைக்கால் காற்று | 12 ஜனவரி, காலை 6.50

ஃபெய்த்ஃபுல் சொல்லுங்கள். 'லே ஃபிதேல்' என்றால் பக்தர்கள். ஆங்கிலத்தில் தி ஃபெய்த்ஃபுல், எஸ் சேராது, வினை பன்மை. தி ஃபெய்த்ஃபுல்ஸ் என்றால் தவறு. ஒர்ஷிப்பர்ஸ் எளிது. பிரிட்டனில் இரண்டு பி, அமெரிக்காவில் ஒன்று, கலந்து எழுதாமல் இருந்தால் சரி. 'அன்ஃபிதேல்' சமயப் பொருளில் அன்பிலீவர். அன்ஃபெய்த்ஃபுல் என்று எழுதினால் குடும்பநல வழக்கு.

'கோங்ரெகாசியோன்' என்றால் துறவற சபை, ஆங்கிலத்தில் ரெலிஜியஸ் ஆர்டர். ஆங்கில காங்கிரிகேஷன் வழிபாட்டுக்குக் கூடியிருக்கும் மக்கள்.

மேசைவிளக்கு | 12 ஜனவரி, மதியம் 1.15

நம்பிக்கைப் பகுதி அப்படியே கிடக்கிறதே. மூடநம்பிக்கை, சகுனம்.

அகராதிப்பூச்சி | 12 ஜனவரி, இரவு 9.44

அதில் பெரும்பாலும் சும்மா இணையான சொல்லை மாற்றிப் போட்டால் வந்துவிடும்: கண்ணாடி உடைந்தால் இரண்டு மொழியிலும் ஏழு வருட துரதிர்ஷ்டம், ஏணிக்கு அடியில் போகக் கூடாது, 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. 'தூஷே த்யூ புவா' பிரிட்டனில் டச் வுட், அமெரிக்காவில் நாக் ஆன் வுட். கறுப்புப் பூனையில் எச்சரிக்கை: பிரான்சில் கெட்ட சகுனம், பிரிட்டனில் நல்ல சகுனம் என்று கொள்வோர் உண்டு. பூனை குறுக்கே வந்தது என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் வாசிப்பவர் எதிர்ப்பக்கம் போகலாம்.

கவிழ்ப்பவை இவை. 'ஜத்தே அன் சோர்' என்றால் காஸ்ட் அ ஸ்பெல், ஸார்ட் எங்கும் வராது. 'தீஸேஸ் த போன் அவந்த்யூர்' என்றால் ஃபார்ச்சூன் டெல்லர், குட் அட்வென்ச்சர் எதுவும் இல்லை. 'ரவ்னான்' என்றால் கோஸ்ட். 'எஸ்ப்ரி' ஸ்பிரிட், மைண்ட், கோஸ்ட், விட் நான்கிலும் போகும். 'சேன்-தெஸ்ப்ரி' ஹோலி ஸ்பிரிட், பழைய வழக்கில் ஹோலி கோஸ்ட். 'சியேல்' வானத்துக்கு ஸ்கை, விண்ணகத்துக்கு ஹெவன்.

மொழிபெயர்ப்புப் பகுதியில் பழமொழி வந்தால்: பிரெஞ்சுக்காரர் ஓநாயைப் பற்றிப் பேசினால் வால் தெரியும், ஆங்கிலேயர் டெவிலைப் பற்றிப் பேசினால் ஆள் வந்து நிற்பார். பிரெஞ்சில் பியேரை அவிழ்த்துப் போலுக்கு உடுத்துவார்கள், ஆங்கிலத்தில் பீட்டரிடம் திருடிப் பால் என்பவருக்குக் கொடுப்பார்கள். 'பூக் எமிஸேர்' என்றால் ஸ்கேப்கோட், நம் பலிகடா. 1530-இல் வில்லியம் டிண்டேல் விவிலியத்தை மொழிபெயர்க்கும்போது உருவாக்கிய சொல். இது ஒன்றே ஒரு பத்திக்குப் போதும்.

வால்நட்சத்திரம் | 13 ஜனவரி, காலை 8.20

படிக்கும் முறை பற்றி ஒன்றும் பேசவில்லை. நீளப் பட்டியல் வேண்டாம். 40 அட்டை. ஒவ்வொன்றின் முன்பக்கம் ஒரு பிரெஞ்சு வாக்கியம், தனிச்சொல் இல்லை. பின்பக்கம் ஆங்கில வாக்கியம், கீழே அந்தத் தவறான வடிவம், குறுக்குக்கோடு போட்டு. ஒரு நாளைக்கு 8 அட்டை, ஆறாம் நாள் முழுக்கவும் திரும்ப. நாலாம் நாள் தடுமாறும் அட்டைகள் தனிக் கட்டு. க்யூல்த்-செக்த் ஜோடியும் க்யூரே-விக்கேர் ஜோடியும் அதில் கட்டாயம் இருக்கும், பார்க்கலாம்.

காரைக்கால் காற்று | 13 ஜனவரி, காலை 9.02

தவறான வடிவத்தை அட்டையில் எழுதாதீர்கள், கண்ணில் பதிந்துவிடும்.

வால்நட்சத்திரம் | 13 ஜனவரி, காலை 9.40

சரி, தொடக்கத்தில் வேண்டாம். இரண்டு முறை பிழைவிட்ட பிறகு மட்டும், பென்சிலால்.

மேசைவிளக்கு | 13 ஜனவரி, மாலை 7.30

கடைசி சந்தேகம். 'வகான்ஸ் த லா தூசேன்'. ஒரு மாணவி ஆல் செயின்ட்ஸ் ஹாலிடேஸ் என்று எழுதியிருக்கிறாள். சரிதானே?

அகராதிப்பூச்சி | 13 ஜனவரி, இரவு 10.11

நவம்பர் 1 என்ற நாள் ஆல் செயின்ட்ஸ் டே, அது சரி. பள்ளி விடுமுறைக்கு ஆட்டம் ஹாஃப்-டெர்ம், அமெரிக்க ஆங்கிலமென்றால் ஃபால் பிரேக். 'பாக்' என்றால் ஈஸ்டர், 'பாக் ஜுவீவ்' என்றால் பாஸோவர், யூதர்களின் பாஸ்கா விழா. அவளுக்கு 'கரேம்' (தவக்காலம்) தெரியுமா என்று கேளுங்கள். லென்ட் என்று சொல்லிக்கொடுத்தால் லெண்ட் வினையின் இறந்தகாலம் என்று நினைத்துக் கடன் கொடுத்துவிடப் போகிறாள். வீட்டில் யாராவது புராட்டஸ்டன்டாக இருந்தால் 'லெந்து நாட்கள்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வாள்.